மரச்சட்டத்தில் வீடு: நம் கடலோரத்தில் நிற்குமா?

கேள்வி, 11 ஜனவரி 2025

பழைய ஓட்டு வீட்டின் பின்பக்கத்தில் மரத்தூண், மர விட்டம் வைத்து இரண்டு அறை கூட்டிக் கட்ட ஆசை. எங்கள் மேஸ்திரியிடம் சொன்னால், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் மரத்தில் வீடு கட்டுவது கரையானுக்குச் சோறு போடுகிற வேலை என்கிறார். உப்புக்காற்று, புயல், கரையான் மூன்றையும் தாங்குமா? யாராவது இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

பதில், 11 ஜனவரி 2025, இரவு

கரையானை வைத்தே முடிவு கட்டிவிட வேண்டாம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் போய்ப் பாருங்கள். 1738இல் கட்டியது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மாடியில் வெள்ளைச் சுதைத்தூண்கள். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். எத்தனை மழைக்காலம், எத்தனை புயல் அந்தத் தூண்களைத் தாண்டிப் போயிருக்கும்!

எனக்கும் இதே கனவுதான், பல வருடமாக. திருப்பாதிரிப்புலியூரில் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. திண்ணை, தாழ்வாரம், முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தபோது முதல் கட்டில் ஓடுகள் மட்டும் பறந்தன. இரண்டாம் கட்டின் கூரை, ஓடுகளைத் தாங்கும் சரிவுச் சட்டமான கைமரத்தோடு பெயர்ந்து கொல்லையில் போய் விழுந்தது. அந்த இடம் இன்றைக்கும் வெறும் மேடையாகத்தான் கிடக்கிறது. அங்கே மரச்சட்டத்தில் ஒரு கூடமும் அதன்மேல் ஒரு மாடி அறையும் எழுப்ப வேண்டும்.

ஒரே வீடு, ஒரே மரம், ஒரே புயல். ஒரு கட்டு நின்றது, ஒரு கட்டு போனது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

12 ஜனவரி 2025

விழுந்த கட்டின் விட்டங்கள் சில இன்னும் கொட்டகையில் இருக்கின்றன. இன்று காலை ஒன்றை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தேன். பத்தடி நீளம். நடுவில் உளியின் பிடியால் தட்டினால் கணீரென்று ஓசை வருகிறது. இழைத்தால் உள்ளே தேன் நிறம், எண்ணெய்ப் பசை, தேக்கின் அந்த வாசம். ஆனால் இரண்டு முனையிலும் ஒரு சாண் அளவுக்கு மரமே இல்லை. விரலால் அழுத்தினால் காப்பித்தூள் போல உதிர்கிறது. சுவருக்குள் சொருகியிருந்த பகுதி அவ்வளவும் போயிருக்கிறது, வெளியில் காற்றுப் பட்ட பகுதி அப்படியே இருக்கிறது.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. சுவர் ஈரத்தைக் குடிக்கிறது, முனை அந்த ஈரத்தைச் சுவரிலிருந்து உறிஞ்சுகிறது. மரத்தின் நாளங்கள் நீளவாக்கில் ஓடுவதால் வெட்டிய முனை வழியாகத் தண்ணீர் ஏறுகிற வேகம் பக்கவாட்டில் இருக்காது. சுண்ணாம்புச் சுவருக்குள் காற்றோட்டமும் இல்லை. பூஞ்சை முதலில் வருகிறது, ஈரம் கண்ட கரையான் பின்னால் வருகிறது. முதல் கட்டில் விட்டங்கள் சுவருக்குள் போகவில்லை. தூணின் தலையில் போதிகை என்ற தாங்குகட்டை, அதன்மேல் உத்திரம், எல்லாம் வெட்ட வெளிச்சத்தில். முனைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, காற்றுப் படுகிறது, நனைந்தாலும் காய்ந்துவிடுகிறது.

அதனால் என் கட்சி இதுதான். மரத்தைக் கொல்வது வயதும் இல்லை, கடலும் இல்லை. முனையில் தங்குகிற தண்ணீர்தான். வீட்டை அதை மனதில் வைத்து வரைய வேண்டும்.

14 ஜனவரி 2025

பொங்கல் வேலைக்கு நடுவில் ஒரே ஒரு பதில். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மெல்லிய பலகையும் ஆறங்குலத் தூணும் ஒரே மாதிரி எரியாது. கனத்த மரம் மேலே கரியாகும், அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே இறங்காது. அரைமணி நேரம் எரிந்த பிறகும் ஆறங்குலத் தூணுக்குள் நல்ல மரம் மிச்சம் இருக்கும். காப்பில்லாத இரும்பு உத்திரம் அந்தச் சூட்டில் வளைந்துவிடும். பயப்பட வேண்டியது கீற்றுக்கும் பிளாஸ்டிக் திரைக்கும் பழைய மின்கம்பிக்கும்தான்.

26 ஜனவரி 2025

மரவாடிகளில் அலைந்துவிட்டு வந்தேன். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம்.

உருண்டைக் கட்டையை அளக்கும்போது சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். நாலடி சுற்றளவு, பத்தடி நீளம் என்றால் கணக்கில் பத்துக் கன அடி. உண்மைக் கன அளவு பன்னிரண்டரைக்கு மேல். அதைக் கேட்டவுடன் லாபம் என்று தோன்றும். ஆனால் பட்டை, மேல்வெள்ளை, அறுவைத் தூள் எல்லாம் போகிறபோது கையில் வருகிற சட்டம் அந்தப் பத்தையும் தொடாது. அறுத்த சட்டத்துக்கு நேர்க்கணக்கு: ஆறுக்கு ஆறு அங்குலத் தூண், பத்தடி உயரம் என்றால் இரண்டரைக் கன அடி. எட்டுத் தூணுக்கு இருபது. விட்டம், கைமரம், வளை எல்லாம் சேர்த்தால் என் கூடத்துக்கு மட்டும் எழுபது கன அடியைத் தாண்டுகிறது. தேக்கில் நினைத்தாலே தலை சுற்றுகிறது.

மேல்வெள்ளை என்று சொன்னேனே, அதில் ஏமாறாதீர்கள். தேக்கு என்றாலே கரையான் தொடாது என்பது வைரத்துக்கு, அதாவது முற்றிய நடுமரத்துக்கு மட்டும் பொருந்தும். வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர்நிறப் பகுதியைக் கரையானும் வண்டும் வேப்பமரத்தின் வெள்ளையைப் போலவே தின்னும். இளம் தோட்டத் தேக்கில் அந்த வெள்ளை அதிகம். நன்றாக முற்றிய வேம்பின் வைரம், வெள்ளை நிறைந்த தேக்கைவிட நூறு மடங்கு மேல் என்பேன்.

26 ஜனவரி 2025, பின்னிரவு

பழைய மரம் வாங்கலாமே என்று கேட்ட சகோதரிக்கு: ஆமாம், அதுதான் எனக்கும் பிடித்த வழி. புதுச்சேரியிலும் காரைக்குடிப் பக்கத்திலும் இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகள் இருக்கின்றன. பர்மாத் தேக்கு விட்டங்கள் நூறு வருடம் காய்ந்தவை, இனிமேல் முறுக்காது. வாங்கும்போது முனையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு காந்தத்தை மரத்தின்மேல் ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்த ஆணி இருந்தால் அறுவை மில்லில் பட்டை வாள் போய்விடும், பிறகு மில்காரர் அந்தக் கட்டையை ஏற்றவே மாட்டார்.

2 பிப்ரவரி 2025

சவுக்கு ஏன் கூடாது என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நம் மாவட்டத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் சவுக்குத்தோப்பு இருக்கும்போது வெளியூர் மரம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. சவுக்கு பலமான மரம்தான். சாரம் கட்டவும் பந்தல் போடவும் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கும். மண்ணில் நட்டால் சில வருடத்தில் அடி போய்விடும். ஆரோவில்லில் ஆரம்ப காலத்தில் கட்டிய சவுக்குக்கட்டை, கீற்று வீடுகளில் நான் பார்த்தவரை, நிலைத்தவை தரையைத் தொடாமல் கருங்கல் காலின்மேல் தூக்கி வைத்தவைதான். உருண்டையாகவே வைத்து, மருந்தேற்றி, நனையாத இடத்தில் கைமரமாகப் போட்டால் சவுக்கு உழைக்கும். ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாக அறுத்து இன்னொன்றின் துளையில் சொருகி நுணுக்கமாகச் செய்கிற வேலைக்கு அது ஒத்துவராது.

பனை பற்றி. நம் தாத்தாமார் பனங்கை, அதாவது பனைமரக் கைமரம் போட்ட வீடுகளில்தான் பிறந்தார்கள். முற்றிய பனையில் வெளிவட்டம் கருகருவென்று வைரம், நடுவில் சோறு. அந்த வெளிவட்டத்தைப் பிளந்து எடுத்தால் கைமரத்துக்கு இரும்பு மாதிரி. ஆனால் தமிழ்நாட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். நிற்கிற பனையை எனக்காக வெட்ட மனம் வரவில்லை. இடிக்கிற வீட்டிலிருந்து பனங்கை கிடைத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

தேக்கும் அப்படித்தான். சொந்தக் கொல்லையில் நிற்கிற தேக்காக இருந்தாலும் வெட்டவும் வண்டியில் ஏற்றவும் வனத்துறைச் சீட்டு வேண்டும். வாடியில் வாங்கினால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3 பிப்ரவரி 2025

எங்கள் கொல்லையில் தானே சாய்த்த பலாமரம் ஒன்று அறுத்துப் பலகையாக அடுக்கியபடி அன்றிலிருந்து கொட்டகையில் கிடக்கிறது. பண்ருட்டிப் பலாவை வீணைக்கும் தவிலுக்கும் தேடி வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காய்ந்த பலா நிலைக்கும் கதவுக்கும் அருமையான மரம். மஞ்சளாகத் தொடங்கி, வெயில் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாக மாறும். இது கூடத்தின் கதவுக்கு என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். அந்த மரத்தை நட்டவர் அவர்தான்.

16 பிப்ரவரி 2025

புதுச்சேரிக்குப் போய் வைசியாள் வீதியில் மெதுவாக நடந்தேன். வீதியோரத் தாழ்வாரங்கள், மரத்தூண்கள், திண்ணைகள் எல்லாவற்றையும் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வரிசையாகச் சீரமைத்த வீதி அது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது.

நான் பார்க்கப் போனது தூண்களின் அடியை. ஒவ்வொன்றும் கல் பீடத்தில் நிற்கிறது. பீடம் வீதியைவிடவும் திண்ணையைவிடவும் உயரம். மழைத் தண்ணீர் தெறித்தாலும் கல்லோடு போகிறது. சில வீடுகளில் பிற்காலத்தில் தரையை உயர்த்தி சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பீடம் தரைக்குள் மூழ்கி, மரம் சிமெண்டைத் தொடுகிறது. அந்தத் தூண்களில் மட்டும் அடிப்பாகம் கறுத்து மெலிந்து நிற்கிறது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள். டைல்ஸ் ஒட்டுகிறேன் என்று தூணின் காலை மூடிவிடாதீர்கள்.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகர மண்டபம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது பழைய சாயலில் திருப்பிக் கட்டி 2021இல் திறந்தது. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரைகளுக்கு எல்லாம் உள்ள ஆபத்து ஒன்றுதான். ஒன்றரை அடிக்கு ஒரு மரச்சட்டம், அதன்மேல் மெல்லிய செங்கலை மூலைவாட்டில், விளிம்பு கீழே இருக்க நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லி, தட்டை ஓடு. அந்தத் தட்டை ஓட்டில் விரிசல் விழுந்தால் தண்ணீர் இறங்கி நேரே சட்டத்தின் முனைக்குத்தான் போகும். ஜனவரி 12 அன்று காப்பித்தூள் என்று எழுதினேனே, அதே நோய். வருடத்துக்கு ஒருமுறை கூரையில் ஏறிப் பார்க்கிற வீட்டில் அது வராது.

9 மார்ச் 2025

ஆசாரி கிடைத்துவிட்டார்! கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம், படகு வேலையில் வளர்ந்தவர். பைபர் படகு வந்த பிறகு நிலை, கதவு வேலைக்கு மாறியிருக்கிறார். எழுபது வயது. வீட்டுக்கு வந்து முதல் கட்டின் உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். “இதுல ஒரு இரும்பு ஆணி இல்ல, பாத்தியா பாப்பா” என்றார். இத்தனை வருடம் அந்தக் கூரைக்குக் கீழேதான் தூங்குகிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கழுந்தும் துளையும் போட்டு, குறுக்கே மூங்கிலில் சீவிய முளை அடித்திருக்கிறது. கொட்டகையில் ஒரு துண்டுச் சட்டத்தில் எனக்குச் செய்து காட்டினார். துளையை உளியால் கொத்தி எடுத்து, கழுந்தை அறுத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. உள்ளே போய் உட்கார்ந்தது. முளைக்கு ஓட்டை போடும்போது ஒரு காரியம் செய்தார். துளைச் சட்டத்தில் போட்ட ஓட்டையும் கழுந்தில் போட்ட ஓட்டையும் நேருக்கு நேர் இல்லை. கழுந்து ஓட்டை ஒரு நூல் அளவு தோள்பக்கமாகத் தள்ளியிருக்கிறது. காய்ந்த மூங்கில் முளையை அடிக்க அடிக்க, அது நேராக முடியாமல் கழுந்தை உள்ளே இழுக்கிறது. கடைசி அடியில் தோள் வந்து ஒட்டியபோது நடுவில் தலைமுடி நுழையாது. பசை இல்லை, திருகு இல்லை. மரம் பின்னால் கொஞ்சம் சுருங்கினாலும் முளையின் இழுப்பு விடாது. ஐரோப்பாவில் ஓக் மரச்சட்டம் போடுகிறவர்களும் இதே உத்தியைத்தான் செய்கிறார்கள்.

முதல் கட்டு ஏன் நின்றது என்பதற்கு இரண்டாவது காரணம் இது. விழுந்த கட்டில் கைமரம் வெறுமனே சுவர்மேல் உட்கார்ந்து, ஆணியில் நின்றது. முனை போன பிறகு ஆணிக்குப் பிடிக்க மரமே இல்லை.

10 மார்ச் 2025

இரும்பு ஆணி பற்றிக் கேட்டவருக்கு: நம் காற்றில் சாதா இரும்பு துருப்பிடித்து வீங்கும், சுற்றியுள்ள மரத்தையும் பிளக்கும். துவர்ப்புள்ள மரங்களில், வேங்கை மாதிரி, இரும்பைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை படியும். இரும்பு தவிர்க்க முடியாத இடத்தில் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். கடலோரத்துக்கு 304 போதாது. விலை கூடுதல்தான், ஆனால் அந்த இடங்கள் கொஞ்சம்தான்.

23 மார்ச் 2025

பொறியாளரிடம் வரைபடம் கொடுத்திருந்தேன். இன்று அவர் போட்ட கணக்கைப் பார்த்த பிறகு மாடி அறைக் கனவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன்.

நான் இத்தனை நாள் கூரை கீழே விழாமல் இருப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கூரை மேலே போகாமல் இருப்பதைப் பற்றிக் கேட்டார். கட்டடங்களின்மேல் வரும் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நமக்கும் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். தானே கரை கடந்தபோது 140 வரை வீசியது. சூத்திரம் எளிது: வேகத்தை அதனாலேயே பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன். 50க்கு 1500 வருகிறது, ஏறத்தாழ 150 கிலோ. கூரையின்மேல் அது பெரும்பாலும் உறிஞ்சும் விசையாக, மேல்நோக்கி வேலை செய்கிறது. சீமை ஓடும் அதைத் தாங்கும் வரிச்சும் கைமரமும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு அறுபது கிலோ எடை. மிச்சத்தை யார் பிடிப்பது?

என் கூடத்தின் கூரைக்குத் தூண் ஒன்றுக்கு முந்நூறு, நானூறு கிலோ மேல்நோக்கிய இழுப்பு வருகிறது. கதவோ ஜன்னலோ பிய்த்துக்கொண்டால் உள்ளே புகும் காற்று அடியிலிருந்தும் தள்ளும், இழுப்பு இன்னும் ஏறும். அதனால் ஒவ்வொரு தூணுக்கும் கீழே இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, அதே ஆழத்தில் ஒரு கான்கிரீட் கட்டி. அது ஒரு டன்னுக்கு மேல். அதிலிருந்து ஸ்டீல் தகடு கல் பீடத்தின் வழியாக மேலே வந்து, தூணின் அடியில் வெட்டிய பிளவுக்குள் நுழைந்து, இரண்டு போல்டில் நிற்கும். பழைய தூண்கள் கல்லின்மேல் எடையில் மட்டும் நின்றன. அந்த எடையை மண் ஓட்டின் கனம் கொடுத்தது. நாம் இலேசான கூரை போட்டால் அந்தக் கனத்தை மண்ணுக்குள் வைக்க வேண்டும்.

மரத்துக்கும் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 883. எந்த மரம் எவ்வளவு வளையும், கணு எவ்வளவு இருக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. மரக் கட்டுமானத்துக்கு இந்தியாவில் விதியே கிடையாது என்று போன வாரம் ஒருவர் இங்கே எழுதினார். அது சரியில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இல் மரத்துக்குத் தனிப் பிரிவு, மூங்கிலுக்குத் தனிப் பிரிவு இரண்டும் உண்டு.

24 மார்ச் 2025

நேற்று எழுதியதில் ஒரு முடிச்சு அவிழவில்லை. மழைக்கு இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு, நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் தூணும் சுவரும் நனையாது. காற்றுக்கு இறவாணம் குட்டையாக இருக்க வேண்டும், நீண்டால் அதைப் பிடித்துத்தான் புயல் கூரையைத் தூக்கும். இரண்டும் நம் ஊரில் ஒரே இரவில் வரும்.

ராத்திரி முழுக்க இதே யோசனை. காலையில் ஆசாரிக்குப் போன் போட்டேன். “தாழ்வாரத்த தனியா கட்டு” என்றார். பெரிய கூரையின் இறவாணம் ஒன்றரை அடியோடு நிற்கும். அதற்குக் கீழே தனித் தூண், தனி வளையோடு தாழ்வாரக் கூரை. புயல் தாழ்வாரத்தைக் கொண்டுபோனாலும் வீட்டுக் கூரை தப்பும். புயல் காப்புக்கான பொறியியல் வழிகாட்டிகளும் தாழ்வாரத்தைத் தனிக் கூரையாகத்தான் வைக்கச் சொல்கின்றன என்று பொறியாளர் சொன்னார். நாலு பக்கமும் சரிகிற கூரை, முப்பது டிகிரிக்குள் சரிவு. இரண்டு பக்கம் மட்டும் சரிகிற கூரையைவிடக் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும்.

13 ஏப்ரல் 2025

கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மரச்சட்டம் என்றதும் மேலாளர் கோப்பை மூடிவிட்டார். படிவத்தில் கூரை வகை என்ற இடத்தில் கான்கிரீட், ஓடு, கீற்று மட்டும் இருக்கின்றன. தூண் வகைக்கு இடமே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. அம்மா மட்டும், “அப்ப சின்னதா கட்டு, கையில இருக்கறதுல கட்டு” என்றார். யோசித்துப் பார்க்கிறேன்.

கடற்கரையை ஒட்டி மனை வைத்திருப்பவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தை முதலில் பாருங்கள். மரம் வாங்கிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

18 மே 2025

மருந்து பற்றி நிறையக் கேள்விகள். சுருக்கமாக முடியாது, சொல்லிவிடுகிறேன்.

போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது மலிவு, மனிதருக்கு அதிகக் கெடுதி இல்லை, வண்டுக்கும் கரையானுக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மழை பட்டால் கரைந்து போய்விடும். கைமரம், வரிச்சு, உள்விட்டம் இவற்றுக்குத்தான் சரி. குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிற பழைய பழக்கத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. மரத்திலிருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்துபோனால் வண்டுக்கு அங்கே சாப்பாடு இல்லை. தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்கிறார் ஆசாரி. அவர் சொன்னால் அப்படியே செய்யப் போகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓட்டு எண்ணெய் கிடைக்கிறது. படகு அடிப்பாகத்துக்குத் தலைமுறையாகப் பூசியது. வேலிக்காலுக்கும் தூணின் அடிக்கும் நல்ல காப்பு. ஆனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டால் கொப்புளம் போடும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பூசி நன்றாகக் காய்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் குழந்தைகளை விட வேண்டும்.

எந்த மருந்தானாலும் வெட்டிய முனைக்கு இரண்டு மடங்கு. கழுந்துக்கும் துளைக்கும் உள்ளேயும் பூச வேண்டும். பூட்டிய பிறகு அங்கே தூரிகை போகாது.

22 ஜூன் 2025

மாடி இல்லை. முடிவாகிவிட்டது. கடனுக்காக மட்டும் இல்லை, மார்ச் 23 கணக்கும் மனதில் இருந்தது. பன்னிரண்டு அடிக்கு இருபத்துநாலு அடி, ஒரே கூடம், தரைத்தளம் மட்டும். எட்டுத் தூண், இரண்டு பக்கம் தாழ்வாரம். சுவர் எடை தாங்காது, வெறும் மறைப்பு. ஒரு பக்கம் செங்கல், மற்ற பக்கம் மரச்சட்டத்தில் சாய்பலகை போட்ட, அதாவது இடைவெளி விட்டுச் சாய்வாகப் பலகை அடுக்கிய கதவுகள். தள்ளினால் முழுக்கத் திறந்து முற்றத்துக் காற்று வரும்.

சாய்பலகை யோசனை புதுச்சேரி கோல்கொண்டாவிலிருந்து வந்தது. 1930களில் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த விடுதி. கட்டடம் கான்கிரீட்தான், ஆனால் அறைக்கும் நடைக்கும் நடுவில் மெல்லிய தேக்குப் பலகைகளால் செய்த தள்ளுகதவுகள். மறைப்பும் இருக்கும், காற்றும் வரும். அங்கே இருந்து வேலையை நடத்தியவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் உலகப் புகழ்பெற்ற மரவேலைக்காரர் ஆனார். நம் ஊர் ஆட்களோடு வேலை செய்துவிட்டுப் போனவர் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

23 ஜூன் 2025

சின்னதாகிவிட்டதே, ஏமாற்றமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இல்லை. ஒரு கூடத்தை ஒழுங்காகச் செய்தால் தூணுக்குத் தூண் கழுந்து போட்டு இன்னொரு சட்டம் பக்கத்தில் சேர்க்கலாம். மரச்சட்டத்தில் இது ஒரு வசதி. கிழக்குத் தூண்களில் அதற்கான துளைகளை இப்போதே கொத்தி, மரத்துண்டு வைத்து அடைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். என் தங்கை பிள்ளைகள் பெரிதாகும்போது தேவைப்படும்.

17 ஆகஸ்ட் 2025

மரம் வந்துவிட்டது. தூணுக்கும் உத்திரத்துக்கும் இடித்த வீட்டுத் தேக்கு, கைமரத்துக்கு வேம்பு. விலைபேசி வாங்கித் தந்தவர் ஆசாரி. இரண்டு நாளாக வாடியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, “இது வேணாம், இது எடு” என்று பிரித்தார்.

வேம்பு பச்சை. அதைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, அடுக்குக்கு அடுக்கு ஒரே கனத்தில் குச்சி வைத்து, குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வரும்படி அடுக்கியிருக்கிறோம். குச்சி தப்பி நின்றால் மரம் அந்த இடத்தில் வளைந்தே காயும். முனைகளில் மெழுகு பூசியாயிற்று, இல்லாவிட்டால் முனை முதலில் காய்ந்து வெடித்துவிடும். மேலே தகரம், பக்கங்கள் திறந்தபடி. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு காத்திருக்க முடியாது. கைமரம் கொஞ்சம் ஈரமாக ஏறினாலும் முளையும் கழுந்தும் அதைப் பிடித்துக்கொள்ளும். கதவும் நிலையும் மட்டும் முழுக்கக் காய்ந்த பலாவில்.

7 செப்டம்பர் 2025

ஒரு விஷயம் பாக்கி இருந்தது, பழைய கட்டின் கூரையும் புதுக் கூரையும் சேரும் இடம். ஓட்டு வீட்டைக் கூட்டிக் கட்டும் எல்லோரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். இரண்டு சரிவும் ஒரு பள்ளத்தில் சந்திக்கும், அங்கே தகரத் தூம்பு போடுவார்கள், இலை அடைக்கும், தண்ணீர் பின்னால் ஏறி இரண்டு வீட்டு வளையையும் நனைக்கும். போன நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரு நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைக்கு எந்தத் தூம்பு தாங்கும்?

அதனால் சேர்க்கவே போவதில்லை. நடுவில் நாலடி திறந்தவெளி விடுகிறேன். இரண்டு கூரையும் தனித்தனியாகத் தண்ணீரைக் கீழே விடும். கீழே கருங்கல் தளம், கிணற்றுப் பக்கமாக வாட்டம், மழைநீர் நேரே கிணற்றடி உறைக்குப் போகும். மழையில் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போக நாலடி நனைய வேண்டும், அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. பொறியாளரும் ஒத்துக்கொண்டார். புதுத் தரை பழைய தரையைவிட ஒன்றரை அடி உயரம், தென்பெண்ணை போன டிசம்பர் மாதிரி பெருகினாலும் பீடத்துக்கு மேலே வராது என்று நம்புகிறோம்.

கான்கிரீட் கட்டிகளுக்குக் குழி நாளை மறுநாள் தோண்டுகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டியும் கல் பீடமும் முடிந்துவிடும். சட்டம் கொட்டகையிலேயே முழுதும் பூட்டிப் பார்த்து, எண் போட்டுக் கழற்றி வைக்கப்படும். நிறுத்துவது தை பிறந்த பிறகு. துளை, கழுந்து அளவுகளோடு வரைபடம் வேண்டுபவர்கள் கேளுங்கள், ஸ்கேன் செய்து போடுகிறேன்.